நண்டோட்டுப் பை

"எத்தினையாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டனீ?" என்று மில்ரன் சேர் என்னிடம் கேட்டார்.

"ஒன்பது," என்றேன், நிலத்தைப் பார்த்தபடி.

"அப்ப உனக்கு விளங்காது. எண்டாலும் சொல்லுறன்."

பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தார். நண்டு ஓட்டிலிருந்து தான் செய்த பத்துப் பைகளுக்கும் இலக்கம் எழுதி, எருக்கலம்பிட்டியில் எங்கள் வளவுக்குள் புதைத்தார். உம்மா அப்போது கடற்கரையில் கருவாடு காயப்போடும் வாடியில் வேலைக்கு நின்றா.

"முப்பது நாளிலை மண்ணோடை மண்ணாகோணும். அப்பிடி ஆகினால், மேற்படிப்புக்கு யப்பானுக்குப் போவன். ஆகாட்டி, இன்னும் ரெண்டு வருசம் ஆய்வுகூடந்தான்."

முப்பதாம் நாள் வந்து தோண்டினார். ஒரு துண்டுகூட இல்லை. மண்வெட்டியை எறிந்துவிட்டுத் துள்ளினார்.

"சேர், ஒண்டு சொல்லோணும்..."

"பிறகு சொல்லு, பிள்ளை." தன் பேராசிரியருக்குப் போன் எடுத்தார். "முழுக்கக் கரைஞ்சிட்டுது, சேர்! நூற்றுக்கு நூறு!"

சத்தம் கேட்டு உம்மா குசினிக்குள்ளிருந்து வந்தா.

"வெறுங்கையோடை போகாதேங்கோ, தம்பி. கட்டா மீன் கருவாடு, கொண்டு போங்கோ," என்று ஒரு பையில் போட்டு நீட்டினா.

சேர் சிரித்தபடி பையை வாங்கினார்.

"பையையும் எறிஞ்சிடாதேங்கோ. ஆரோ விசரன் புதுப் பை பத்தை எங்கட வளவுக்குள்ளை தாட்டிருந்தான். ஒரு மாசமாக் கழுவிக் கழுவிப் பாவிக்கிறன், ஒரு கிழிசல் இல்லை!"

சேர் பையைத் திருப்பினார். அவருடைய கையெழுத்தில் ஏழு என்று இருந்தது.

போனில் பேராசிரியர் இன்னும் பாராட்டிக்கொண்டிருந்தார். சேர் கருவாட்டையும் தூக்கிக்கொண்டு படலையைத் திறந்து போனார்.