அசையாத சம்பந்தி

“பாரு, பாரு, நின்னுடுச்சு! இப்பவாவது உன் கண்ணால பாத்தியா?”

ராமானுஜம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். கம்ப்யூட்டர் திரையில், சம்பந்தியாக வரப்போகிறவர் வாயைப் பாதி திறந்தபடி, காதைக் குடையப் போன விரலோடு அப்படியே நின்றிருந்தார். மவுசை ஆட்டினால் அம்பு நகரவில்லை. கீபோர்டை எப்படித் தட்டினாலும் பலனில்லை.

பக்கத்தில் நின்ற ஜெயக்குமார் தலையைச் சொறிந்தான். பொத்தேரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். ஊரப்பாக்கத்தில் இருக்கும் இந்த வீட்டுக்கு இந்த மாதம் அவன் வராத வாரமில்லை.

“இன்னா சார் இது, பேஜாரா கீது. ரேம் மாத்தியாச்சு, எஸ்எம்பிஎஸ் மாத்தியாச்சு. இன்னும் நின்னுகினு கீதே!”

“நீ வந்து தூசி தட்டிட்டுப் போனதுலேருந்துதான் இந்தக் கூத்து. அதுக்கு முன்னாடி ஒழுங்கா ஓடிட்டிருந்தது.”

“அப்டி சொல்லாத சார். தூசியோட பழகின மிஷினு. சுத்தம் பண்ணது அதுக்கு ஒத்துக்கல.”

“ரீஸ்டார்ட் பண்ணட்டுமா?”

“ஐயோ, கைய வெக்காத சார். என்னா கோளாறுன்னு தெரியாமலே பூடும்.”

ராமானுஜம் மவுசிலிருந்து கையை எடுத்தார். பையன் வீட்டாரோடு இதே போல இரண்டு முறை வீடியோவில் பேச உட்கார்ந்து, இரண்டு முறையும் பாதியில் நின்று போயிருந்தது. மகள் ரோகிணிக்குப் பையனைப் பிடித்துவிட்டது. பையனுக்கும் அப்படியே. இனி பெரியவர்கள் பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு கம்ப்யூட்டரைக்கூட உருப்படியாக வைத்துக்கொள்ளத் தெரியாத ஆளா என்று அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டால்? கைப்பேசியில் பேசலாம் என்று வீட்டில் சொன்னார்கள்தான். கல்யாணப் பேச்சைக் கைப்பேசியில் பேசினால் மரியாதை இருக்காது என்று அவர்தான் அடம்பிடித்தார்.

மனைவி வசுமதி இருவருக்கும் காபி கொண்டு வந்தாள். திரையில் நின்றிருந்த சம்பந்தியை ஒரு பார்வை பார்த்தாள்.

“பன்னெண்டு மணிக்கு மேல பேசலாம்னு காலையிலேயே சொன்னேன். ராகு காலத்துல போய்...”

ராமானுஜம் வாய்விட்டுச் சிரித்தார். கல்பாக்கத்தில் அறிவியல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் குப்பை வண்டியைப் பற்றிப் பேச மைக்கைக் கொடுத்தாலும், மூடநம்பிக்கை ஒழிப்பில் போய்த்தான் முடிப்பார்.

“ஏம்ப்பா ஜெயக்குமார், ராகு வந்து மதர்போர்டுல சம்மணம் போட்டு உக்காந்துக்குவாரா? ராகு காலம் எத்தனை மணிக்குன்னுகூட இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிறதே கேவலம்!”

ஜெயக்குமார் சிரிக்கவில்லை. காபியை ஊதினான்.

“அத வுடு சார். எப்பெப்போ நிக்குது, அதச் சொல்லு. அத வெச்சித்தான் புடிக்கணும்.”

“அதுதானே பிரச்சினை, ஒரு ஒழுங்கே இல்ல. திங்கக்கிழமைன்னா காலையில டிபன் நேரம். செவ்வாய்னா சாயந்திர டீ நேரம். அன்னிக்கு புதன், சாப்பாட்டு நேரத்துல சம்பந்தி முன்னாடி மானம் போச்சு. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு மறுபடியும் போச்சு. இதோ இன்னிக்கு வெள்ளி, பன்னெண்டு ஆகப்போகுது.”

காலி டம்ளரை எடுக்க வந்த வசுமதி நின்றுவிட்டாள்.

“என்னங்க... நீங்க சொன்னது அத்தனையும் ராகு காலம்ங்க.”

“உளறாதே!”

அவள் சுவரிலிருந்த தினசரி நாள்காட்டியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் கேலியாகத்தான் வாங்கினார். திங்கள் சரியாக இருந்தது. செவ்வாயும் சரி, புதனும் சரி. ஞாயிறு வரைக்கும் வந்தபோது, மின்விசிறிக்கு அடியிலேயே அவருக்கு வியர்த்துவிட்டது.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆனது. திரையில் மவுஸ் அம்பு மெல்ல நகர்ந்தது.

ராமானுஜம் பொத்தென்று உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இது மூடநம்பிக்கை இல்ல, புரிஞ்சுதா? ஒண்ணு திரும்பத் திரும்ப நடந்தா, அதை மதிக்கிறவன்தான் விஞ்ஞானி. நான் செய்யறது வெறும் அவதானிப்பு.”

“கரெக்டு சார்” என்றான் ஜெயக்குமார்.

மரியாதையெல்லாம் மறந்து போய், ராமானுஜம் கைப்பேசியை எடுத்துச் சம்பந்தியிடம் பேசினார். “மன்னிக்கணும், இங்க கரண்ட்ல ஏதோ கோளாறு... சாயங்காலம் மூணு மணிக்கு வெச்சுக்கலாமா? இல்ல இல்ல, நேரம் காலமெல்லாம் நான் பாக்கறதில்ல. ஒரு சௌகரியத்துக்குத்தான்.”

பேசி முடித்ததும் முகம் கழுவப் போனார். போகிற வழியில் யாரும் பார்க்காதபோது நாள்காட்டியை எடுத்து மாட்டினார், அதுவும் கம்ப்யூட்டருக்கு நேர் மேலே.

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய ஜெயக்குமாரை வழியனுப்ப வசுமதி கேட் வரை வந்தாள். உள்ளே குழாய் ஓடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“பையனோட அம்மாவும் நானும் அஞ்சு மணின்னு நேத்தே பேசி வெச்சுட்டோம். இவரு பாரு, மூணு மணிங்கிறாரு. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு எமகண்டம் ஜெயக்குமார். தூசி தட்டுறப்ப நீ போட்டுவிட்ட புரோகிராம்ல கடையிலேருந்தே அதையும் சேத்துடுப்பா.”