சைக்கிள் கைப்பிடியில் ஒரு சீட்டு

"எந்தப் படுபாவி என் சார்ஜரை எடுத்தது?"

கீழ்த்தளத்து சைக்கிள் அறையிலிருந்து டீசா போட்ட கூச்சல் மூன்றாம் மாடிவரை கேட்டது. அவள் கணவன் ஃபோல்கே வீட்டுச் செருப்போடு அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

மின்சார சைக்கிள் இருந்தது. அதன் பேட்டரியும் இருந்தது. சுவரில் செருகியிருந்த சார்ஜரைத்தான் காணோம். கைப்பிடியில் ஒரு சீட்டு தொங்கியது, கம்ப்யூட்டரில் அடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகப் போட்டு.

ஸ்வீடனில், எங்கள் கோதன்பர்க் நகரத்தில் அடுக்குமாடிச் சண்டைகள் வாயால் நடப்பதில்லை. துணி துவைக்கும் பொது அறையில் மெஷினைத் துடைக்காமல் போனாலும் சரி, குழந்தை வண்டியைப் படியோரம் விட்டுவிட்டாலும் சரி, பெயர் போடாமல் ஒரு சீட்டு வந்து ஒட்டிக்கொள்ளும். எழுதின புண்ணியவானே மறுநாள் மாடிப்படியில் பல்லைக் காட்டிக்கொண்டு நலம் விசாரிப்பார். எரிச்சலான வழக்கம், ஆனால் யாரும் விட்டபாடில்லை.

"படிக்கிறேன் கேளு," என்றாள் டீசா. "'அன்புள்ள அயலாரே! உங்கள் பேட்டரி 36 வோல்ட். அதற்கு 42 வோல்ட் சார்ஜர்தான் சரி. இதுவோ 54 வோல்ட். முனை பொருந்துகிறது என்பதற்காக சார்ஜரே பொருந்திவிடாது. தயாரித்தவர் பெயர்கூட இதில் இல்லை. தொட்டால் அடுப்பு மாதிரி சுடுகிறது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் இந்தக் கட்டடத்தின் இருபத்து நான்கு குடும்பங்களுக்கும் ஆபத்து. தயவுசெய்து பேட்டரி கம்பெனி சொல்லும் சார்ஜரையே வாங்குங்கள். இதை நான் எடுத்து வைத்திருக்கிறேன். இப்படிக்கு, அக்கறையுள்ள அயலார்.' அக்கறையாம் அக்கறை!"

"அந்த வோல்ட் விஷயம் வந்து..."

"நீ சும்மா இரு ஃபோல்கே! நாளைக்கு விடிகாலை நாலு மணிக்கு நான் பேக்கரியில மாவு பிசையணும். அந்நேரத்துக்கு எந்த டிராம் ஓடுது? பேட்டரியில கால்வாசிகூட இல்ல. இன்னொரு நாள் லேட்டா போனா வேலை போயிடும். இந்த அக்கறைக்காரன் வந்து என்னை முதுகுல தூக்கிட்டுப் போவானா?"

"கடையில நல்லதா ஒண்ணு வாங்கி..."

"எதுக்கு வாங்கணும்? ஆன்லைன்ல பார்த்துப் பார்த்து வாங்கினேன். எல்லா சைக்கிளுக்கும் சேரும்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான். எவனோ சீட்டு ஒட்டினா நான் பயந்துடணுமா? சார்ஜர் போனதுகூடப் பெரிசில்ல. முகத்துக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்ல பாரு, கோழைப் பய! சொன்னா நான் கேட்டுக்க மாட்டேனா?"

"கோழைன்னு சொல்லிட முடியாது. கொஞ்சம் பயந்த சுபாவமா..."

"அவனுக்கு நீ வக்காலத்தா? எனக்குத் தெரியும் இது யார் வேலைன்னு. வா!"

முதல் மாடி ஹால்வார்தான். ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர். இந்தக் கட்டடத்தில் ஒட்டப்படும் சீட்டுகளில் முக்கால்வாசி அவர் கைங்கரியம். ஃபோல்கே அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். டீசா உதறிவிட்டுப் படியேறிக் கதவை இடித்தாள்.

ஹால்வார் காபிக் கோப்பையோடு வந்து நின்றார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, சீட்டை இரண்டு தடவை நிதானமாகப் படித்தார். ஆத்திரத்தில் இருப்பவருக்கு முன்னால் யாரும் அத்தனை நிதானமாகப் படிக்கக் கூடாது.

"இது என்னுது இல்லம்மா."

"சும்மா கதை விடாதீங்க!"

"நான் சீட்டு எழுதுவேன், இல்லைன்னு சொல்லல. ஆனா 'தயவுசெய்து'ன்னு என் ஆயுசுல ஒரு தடவைகூட எழுதினதில்ல," என்று அவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "அது போகட்டும், எழுதினவன் சொன்னது அத்தனையும் நிஜம். திங்கக்கிழமை சைக்கிள் எடுக்கப் போனேன். பொசுங்கின வாடை. உன் சார்ஜரைப் பிடுங்கிப் போட்டேன். பாரு, விரலை."

ஆட்காட்டி விரல் நுனி இன்னும் சிவந்து கிடந்தது. டீசா குனிந்து அந்த விரலைப் பார்த்தாள். அவள் வீட்டுக்கும் கீழேதானே அந்த அறை இருக்கிறது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை, ஆளை மாற்றிக்கொண்டது.

"பொசுங்கின வாடை வந்துச்சா? வந்தும் எங்கிட்ட சொல்லலையா? ரெண்டு நாளா நான் அதே சார்ஜரைத்தானே செருகிட்டு இருக்கேன்! நீங்கல்லாம் மனுஷங்களா? கடவுள் வாய்னு ஒண்ணைக் காபி குடிக்க மட்டுமா குடுத்தாரு?"

"சொல்லத்தான் வந்தேன். தீ விஷயத்தைச் சீட்டுல எழுதக் கூடாதுன்னு மெனக்கெட்டு மூணாவது மாடி வரைக்கும் ஏறி வந்தேன். உள்ள நீ யாரையோ வெளுத்து வாங்கிட்டு இருந்தே. உப்பு ஜாடி மூடியைத் திறந்து வச்சதுக்காம். மணியை அழுத்தவே தைரியம் வரல, இறங்கிட்டேன்."

டீசா சீட்டை அவர் முகத்துக்கு எதிரே ஆட்டினாள்.

"அப்ப இதை எழுதின ஆள் யாரு? இப்பவே தெரிஞ்சாகணும். எனக்குத் தேவையானதை எங்கிட்டயே சொல்லாம, களவாணி மாதிரி ஒட்டிட்டுப் போன அந்த மகராசன் யாரு?"

ஹால்வார் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே ஒரு வாய் காபி குடித்தார்.

டீசா திரும்பினாள்.

எப்போது மேலே போய் வந்தானோ, படியில் ஃபோல்கே பிரிக்காத ஒரு புதுப் பெட்டியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"நாப்பத்து ரெண்டு வோல்ட், கம்பெனி சார்ஜர், பேட்டரி நம்பரைக் கடையில காட்டியே வாங்கினேன்," என்று பெட்டியை நீட்டினான். "அடுத்த சீட்டுல கண்டிப்பா பேர் போட்டுடறேன், டீசா."