மூன்றாவது தட்டு

சைகோனில் ஒரு செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்துவிட்டுக் கண்டனூர் திரும்பிய நாகநாதன், மேசையில் சாப்பிடும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தார். தட்டுக்கு இடப்பக்கம் முள்கரண்டி, வலப்பக்கம் கரண்டி. இப்படி ஆளுக்கொன்றாக எடுத்து வைப்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் 'கூவேர்' என்பார்கள் என்று மனைவி கல்யாணசுந்தரிக்குச் சொல்லியும் கொடுத்திருந்தார்.

அன்று மேசையில் மூன்று தட்டு இருந்தது.

"நாம ரெண்டு பேருதான இருக்கோம். விருந்தாடி யாரும் வாராகளா?"

"வந்தா நல்லாத்தான் இருக்கும்."

பிள்ளையில்லாத வீடு. அவள் ஏக்கம் அவருக்குத் தெரியாததல்ல. பேச்சை மாற்றினார்.

"மூணாவது தட்டுக்கு மட்டும் கரண்டிய இடப்பக்கம் வச்சிருக்க. சொல்லிக் கொடுத்தது மறந்துபோச்சா?"

"மறக்கலை." கல்யாணசுந்தரி அவர் தட்டில் சோற்றை வைத்தாள். "ஒங்க பெட்டியில இருக்க போட்டோவுல அந்தப் பிள்ள இடது கையிலதான கரண்டி பிடிச்சிருக்கு. மூக்கு அப்படியே ஒங்க மூக்கு."

நாகநாதன் மூன்றாவது தட்டின் கரண்டியைப் பார்த்தார்.

"அவ ஆத்தாளப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலை. பிள்ளைய வரச் சொல்லுங்க. இடது கையால சோத்த அள்ளித் தின்னாலும் நான் வைய மாட்டேன்."