சிக்னல் இல்லாத இடம்

"பாலைவனத்தில கூடாரமடிச்சுப் படுக்க எனக்கென்ன விசரே?" கமலாம்பிகை போட்ட சத்தத்துக்கு, ஜெர்மனியின் ஊன்ட்றொப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவியைக் குறைத்துவிட்டுக் காதுகொடுத்தார்கள்.

"குடும்பமாய் ஆஸ்திரேலியா பாப்பம் எண்டால் ஏன் கத்துறீர்?" என்றார் கணவர் கதிர்காமநாதன்.

"ஏனெண்டு எனக்குத் தெரியாதே? அங்க போன் வேலை செய்யாது. மகள் அந்த லைப்சிக் நகரத்துப் பெடியனோட கதைக்க ஏலாது. அதுக்குத்தானே?"

அவர் அடுத்த நாளே டிக்கெட்டை எடுத்துவிட்டார்.

மூன்று கிழமை புழுதி குடித்ததில் அவர் எண்ணம் பலித்தது. மகள் துஷானி லைப்சிக்காரனை அடியோடு மறந்தாள். மணலில் புதைந்த இவர்களுடைய வண்டியை இழுத்துவிட்ட ஆஸ்திரேலியனைக் கட்டி, அந்தப் பாலைவனத்திலேயே குடியேறிவிட்டாள்.

இப்போது போனும் கையுமாகக் கத்துவது கதிர்காமநாதன்தான். "பிள்ளைக்கு லைன் கிடைக்குதில்லை."

"அதுக்குத்தானே கூட்டிக்கொண்டு போனனீங்கள்?" என்கிறாள் கமலாம்பிகை.