பத்து மணித் திருடன்

மைத்துனன்மேல் பதினாறு வருடமாக வைத்திருந்த நம்பிக்கைக்குப் பொத்தான் மொத்த வியாபாரி போட்ட விலை, ஒரு கணினிக்காரரின் இரண்டு நாள் கூலி. அதிலும் அரை நாளைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டார்.

"ஒரு மாசமா தினம் காலைல பத்து மணிக்கு எவனோ என் மெயிலைத் திறக்கப் பார்க்கிறான். அஞ்சு தடவை தப்பாப் போடுறான். உடனே கடை மொத்தத்துக்கும் மெயில் அரை மணி நேரம் பூட்டிக்குது. சரியான பாஸ்வேர்டு போட்டாலும் யாரும் உள்ளே போக முடியல. எந்த மெஷின்லேருந்துன்னு பார்த்தா..." குரலைத் தாழ்த்தினார். "மச்சான் மேஜைக்கு அடியில இருக்கிற பெட்டி!"

மைத்துனன் பில்லிலிருந்து தலையைத் தூக்கினான். "மாமா, தாழ்த்திப் பேசினாலும் உங்க குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும்."

கணினிக்காரர் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "இது ரிவர்ஸ் பிராக்ஸி. வாசல்காரன் மாதிரி. வெளியிலேருந்து யார் வந்தாலும் இவன்தான் உள்ளே கூட்டிட்டுப் போவான். மெயில் சர்வருக்கு வந்தவன் முகம் தெரியாது. வாசல்காரன் முகம்தான் தெரியும். எவன் தப்பு பண்ணாலும் பழி இவன் மேலே. அஞ்சு தப்பானதும் இவனையே வெளியே தள்ளிடுது. இவன் இல்லாம வேற யார் உள்ளே போவாங்க?"

"அப்போ மச்சான் இல்லேங்கறீங்களா?" முதலாளி குரலில் ஒரு சின்ன ஏமாற்றம்.

"நாளைக்குத் தெரியும். வந்தவன் முகவரியையும் சேர்த்துச் சொல்லணும்னு வாசல்காரனுக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு மட்டும் பூட்டு விழாது. உங்க மெயில்ல எந்த பாஸ்வேர்டைப் போட்டுத் தட்டறான்னும் திரையில வரும். பாஸ்வேர்டை யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"நானா? போன மாசம் வீட்டுல இவன் அக்கா பரிமாற, சாப்பிடும்போது இவனே கேட்டான். 'உலகத்துலேயே எனக்கு ரொம்பப் பிடிச்சது எதுவோ, அதான்'னு சொல்லி வாயை அடைச்சுட்டேன்."

"சும்மா கேட்டேன் மாமா."

"சும்மா கேட்டவனைத்தான் முதல்ல பார்க்கணும். நாளைக்கு மட்டும் உன் பேர் வரட்டும், அன்னிக்கே கணக்கு தீர்த்துடுவேன். உங்க அக்கா அழுதாலும் சரி."

மறுநாள் பத்து மணிக்கு மைத்துனனைக் கைகட்டிப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு, முதலாளி திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

முதல் தட்டு விழுந்தது. முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "என் சம்சாரம் பேரைப் போடுறான்! சரியான கத்துக்குட்டி!"

அதே பெயர் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் இன்னும் ஐந்து முறை வந்தது. பிறகு ஒரு தேதி, நாலு விதமாக.

"இது என்ன தேதி?"

"உங்க கல்யாண நாள், மாமா," என்றான் மைத்துனன், கட்டிய கையை அவிழ்க்காமல்.

"அட, ஆமா! வியாபாரி எவனாவது கல்யாண நாளை பாஸ்வேர்டா வைப்பானா? எனக்கே ஞாபகம் இல்லே, திருடன் ஞாபகம் வெச்சிருக்கான் பாரு!"

அடுத்து மகள் பெயர், மகன் பெயர், இரண்டையும் ஒட்டி ஒன்று. ஐந்து தட்டு. எல்லாம் தப்பு.

அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. யாரோ யோசிப்பது போல, அல்லது மூக்கைச் சிந்துவது போல.

பதினாறாவது தட்டு விழுந்தது. கதவு திறந்துகொண்டது.

"ஐயோ, உள்ளே போயிட்டான்! பிடிங்க! முகவரி எங்கே?"

கணினிக்காரர் திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "ராத்திரி வீட்டிலேருந்து நீங்க மெயில் பார்க்கும்போது வர்ற முகவரிதான் சார். உள்ளே போனவங்க ஒரு கடிதத்தைக்கூடத் திறக்கல. பாஸ்வேர்டு சரிதானான்னு மட்டும் பார்த்துட்டு வெளியே வந்துட்டாங்க."

மைத்துனன் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கணக்கு எழுதி மாமாவின் முன்னால் வைத்தான்:

'அக்கா பேர் – ஆறு, தப்பு. கல்யாண நாள் – நாலு, தப்பு. பிள்ளைகள் – ஐந்து, தப்பு. லாபம் – ஒன்று, சரி. பாக்கி, சாயங்காலம் வீட்டில்.'