கடலை ஊறிய தண்ணீர்

ஏழு புள்ளி ஆறு.

போன மாதம் ஏழு புள்ளி எட்டு. சங்கிலி ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் ஒன்றுமில்லை.

ரத்த அளவு பத்துக்கு வந்தால்தான் கர்ப்பப்பையை எடுப்போம் என்று டாக்டர் சொல்லி நாலு மாதமாகிறது. எடுக்காதவரை முனீஸ்வரிக்கு உதிரப்போக்கு நிற்கப்போவதில்லை. நிற்காதவரை ரத்தம் ஏறப்போவதுமில்லை. நடுவில் அவள் வெளுத்துக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில், சுவரோடு தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். ஒத்தக்கடையில் காலேஜ் ஹாஸ்டல் சமையலுக்கு நாலு மணிக்கே எழுந்து ஓடியவள்தான். இன்றைக்குப் புருஷன் சங்கிலியின் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார இரண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

"மாத்திரை ஒழுங்காப் போடுறாகளாண்ணே?" என்று கேட்டாள் நர்ஸ் ரோகிணி.

சங்கிலிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒழுங்காவா? மாட்டுத்தாவணியில் அவள் மயங்கி விழுந்த மறுநாளிலிருந்து அவன்தானே பார்த்துக்கொள்கிறான். விடிந்தும் விடியாமலும், ஆட்டோவைத் துடைக்கும் முன்னால், அவனுக்கு முதல் வேலை அதுதான். ஊறப்போட்ட கருப்புக் கொண்டைக்கடலையை வடிகட்டுவான். அந்தத் தண்ணீரை டம்ளரில் ஊற்றி, அவளை எழுப்பி, இரும்பு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பான்.

தண்ணீர் வரக்காப்பி நிறத்தில் இருக்கும். துருப்பிடித்த நிறம். இரும்பு அம்புட்டும் இதில் இறங்கிவிட்டது என்று பார்க்கிறபோதெல்லாம் அவனுக்கு நெஞ்சு நிறையும்.

அதைச் சொன்னான். டம்ளர் எவ்வளவு பெரிசு என்று கையாலும் காட்டினான்.

ரோகிணி பேனாவை மூடி வைத்தாள்.

"அடப் பாவமே! அந்தத் தண்ணியக் கீழ ஊத்தணும்ணே. கடலை, பயறுக்குள்ள பைட்டேட்னு ஒண்ணு இருக்கு. ஊறப்போட்டா அதுல கொஞ்சம் தண்ணிக்கு வந்துரும். இரும்பைக் கண்டா விடாமப் பிடிச்சுக்கிரும், ரத்தத்துல சேர விடாது. தண்ணியக் கொட்டிட்டுக் கடலைய வேகவச்சுத் திங்கச் சொல்லுங்க. மாத்திரைக்கு எலுமிச்சந் தண்ணி போதும்."

பாவம், சங்கிலி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ரோகிணி முனீஸ்வரி பக்கம் திரும்பினாள்.

"ஏக்கா, இதை மொதத் தடவ வந்தப்பவே உங்க கையில எழுதிக் குடுத்தேனே?"

முனீஸ்வரி சுவரைப் பார்த்தாள்.

அவளைப் பின்னால் ஏற்றி, மாட்டுத்தாவணி தாண்டும்வரை ஆட்டோவை ஒரே மூச்சில் ஓட்டினான். வழியில் கை காட்டியவர்களுக்கும் நிறுத்தவில்லை.

"தெரிஞ்சுமா குடிச்ச?" என்றான், கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து.

கோபமாகக் கேட்கத்தான் நினைத்தான். குரல் வேறு மாதிரி வந்தது.

"இன்னிக்கிச் சொல்லுவோம், நாளைக்கிச் சொல்லுவோம்னுதான் இருந்தேன்" என்றாள் அவள். கண்ணைத் திறக்கவில்லை.

ஆட்டோ ஒரு திருப்பம் தாண்டியதும் அவளே மறுபடி பேசினாள்.

"தண்ணி வேணாம்னா டம்ளரும் வராதுல்ல, பக்கத்துல ஆளும் நிக்காதுல்ல."

சங்கிலி ஹாரனை அடித்தான். முன்னால் வண்டி ஒன்றுமில்லை.

மறுநாள் விடியுமுன் எழுந்து, கடலைத் தண்ணீரைக் கொல்லையில் முருங்கை மூட்டில் ஊற்றினான். வெந்நீர் வைத்து, சூடு பொறுக்கிற அளவுக்கு ஆற்றி, அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தான். கொட்டை விழுந்தது. விரலை விட்டு எடுத்தான்.

டம்ளரோடு பாய்ப்பக்கம் வந்து லைட்டைப் போட்டான். இத்தனை நாளும் அடுப்படி வெளிச்சமே போதும் என்று இருந்துவிட்டான்.

முனீஸ்வரி தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமுடியை வாரி முடிந்திருந்தாள். நெற்றியில் புதுக் குங்குமம். கழுத்தோரம் முகம் கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை.

கண்ணை மட்டும் இறுக்க மூடியிருந்தாள்.

சங்கிலி லைட்டை அணைத்தான். குனிந்து, தூங்குகிறவளை எழுப்புவது போலவே, மெதுவாகத் தோளைத் தொட்டான்.