வழுக்கைத் தலை மாப்பிள்ளை

ஹரிபாபுவின் தாய் பொன்னியம்மா வாசலிலேயே நின்று கத்தினாள். உள்ளே வாங்க என்று கூப்பிட்ட சென்னம்மாவை அவள் மதிக்கக்கூட இல்லை.

“ஒன் பொண்ணு பண்ண வேலையால என் புள்ள திருப்பதியில மொட்டை அடிச்சிக்கினு வந்து நிக்கிறான். சோறு துன்ன மாட்டேன்றான். துரும்பா இளைச்சிட்டான். இப்ப குளுகுளுன்னு இருக்குதா ஒங்களுக்கு?”

சென்னம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். தப்பெல்லாம் மகள் பிரமிளா மேல்தானே.

ஹரிபாபுவுக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் நல்ல வேலை. முன்மண்டை வழுக்கை, அது ஒன்றுதான் குறை. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, திருப்பதியில் ஒரு கிளினிக்குக்குப் போனான். நம் உடம்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்துத் தலையில் ஊசி போட்டால் முடி வளருமாம். அவனை யாரும் போகச் சொல்லவில்லை. கல்யாண போட்டோவில் பிரமிளா பக்கத்தில் நன்றாக நிற்க வேண்டும் என்று பாவம், ஒரு ஆசை.

அடுத்த பத்தாம் நாள், வழுக்கைத் தலையனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று பிரமிளா ஊரறியச் சொல்லிவிட்டாள். விஜயபுரம் ஊரே காறித் துப்பியது. அதற்குப் பிறகு ஒரு வரன்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பொன்னியம்மா மண்ணை வாரித் தூற்றினாள். நீ நல்லாவே இருக்க மாட்டே என்று பிரமிளாவின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். பிரமிளா குனிந்த தலை நிமிரவில்லை.

சென்னம்மா மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள்.

“மயிருக்காக ஒரு மனுசன வேணான்னியே, நீயெல்லாம் ஒரு பொண்ணாடி?”

பிரமிளா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

“ஊசி போடறதுக்கு முன்னாடி அவருக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணாங்கம்மா. ரத்தத்துல புத்துநோய்னு வந்துச்சி. பரவால்ல, நான் கூட இருந்து பாத்துக்கறேன்னு கெஞ்சினேன். அவரு ஒத்துக்கல. தை மாசம் அவரு தங்கச்சி கல்யாணம் முடியற வரைக்கும் வீட்டுக்குத் தெரியக் கூடாதாம். முடி இல்லன்னு சாக்கு சொல்லி நீயே வேணான்னுடுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு.”

சென்னம்மா மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்போ அந்த மொட்டை?”

“மருந்துல கொட்டிப் போச்சும்மா. அவங்கம்மாவ ஒண்ணும் சொல்லாதே. என்னைத் திட்டிக்கினு கீற வரைக்கும், அவங்களுக்கு இன்னும் தெரியலன்னுதானே அர்த்தம்.”